உரோமையர் வீட்டுச் சமையலும் நம் கடற்கரையும்
(விழா மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உரோமையர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பிலாத்தும் போர்ச்சேவகரும்தான். பாடுகளின் நாடகத்தில் தகரத் தொப்பியோடு வருகிறார்களே, அவர்கள்! அந்த உரோமையரும் காலையில் ரொட்டி தின்றார்கள், மாலையில் விளக்கேற்றினார்கள், கறியில் காரம் போதவில்லை என்று வீட்டில் சண்டையும் போட்டிருப்பார்கள். அவர்கள் புழங்கிய சாமான்கள் நம் கரையிலேயே கிடைத்திருக்கின்றன. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

கிள்ளையிலிருந்து வடக்கே கடலூரைத் தாண்டிப் போனால், புதுச்சேரிக்குச் சற்றுத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயர் அங்கே தோண்டினார். இரண்டு காது வைத்த பெரிய மண்சாடிகளின் ஓடுகள், இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ ஊர்ச் சிவப்புத் தட்டுகளின் துண்டுகள், விளக்குத் துண்டு எல்லாம் வெளிவந்தன. அந்தத் தட்டுகள் ஏறக்குறைய நம் ஆண்டவர் நாசரேத்தில் வாழ்ந்த காலத்தவை. உரோமையரே அமைத்த ஊர் என்று முதலில் சிலர் எண்ணினார்கள். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடியும் ஆய்ந்தபோது, உரோமையச் சரக்கு வருமுன்பே அங்கே நம் மக்கள் குடியிருந்தது தெளிவாயிற்று.

சாடிகளில் என்ன வந்தது? திராட்சை இரசம், ஒலிவ எண்ணெய். மூன்றாவது சரக்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். மீன்சாறு! மீன் குடலையும் பொடிமீனையும் உப்போடு அடுக்கி, மாதக்கணக்கில் வெயிலில் ஊறவைத்து வடித்தெடுத்த சாறு. 'காரும்' என்று பெயர். ஏழைக்கு மட்டமான சரக்கு, சீமானுக்கு உயர்ந்த சரக்கு. வாசனைத் தைலம் நீங்கலாக வேறெந்தத் திரவமும் இதைவிட விலை போனதில்லை என்ற பொருளில் பிளினி எழுதியிருக்கிறார். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் ஸ்காவுருஸ் என்ற மீன்சாறு வியாபாரியின் மாளிகை இருக்கிறது. தன் சாறு ஜாடிகளின் உருவத்தையே வீட்டுத் தரையில் வண்ணக் கற்களால் பதித்து வைத்திருந்தார் அந்த மனிதர்! தொழிலை மறைக்கவில்லை.

நம் நிலை என்ன? கருவாட்டுக் கூடையோடு ஏறிய நம் தாய்மார்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டதுண்டு. அதைவிட வேதனை, சிதம்பரத்தில் படிக்கும் நம் பிள்ளைகளே சந்தையில் அந்தக் கூடையைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். வீட்டில் அதே குழம்பை இரண்டு முறை ஊற்றிக்கொள்வதில் மட்டும் குறைவில்லை.

மற்றப் பழக்கங்களிலும் நமக்குப் பழகிய முகம் தெரிகிறது. உடம்பில் எண்ணெய் தேய்த்துத்தான் குளித்தார்கள். நாம் அரப்புத் தேய்க்கிறோம், அவர்கள் வளைந்த உலோகச் சுரண்டியால் அழுக்கோடு எண்ணெயை வழித்தெடுத்தார்கள். நகரத்து ஏழைகள் பலருக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் அடுப்பங்கரை கிடையாது, கடையில்தான் சாப்பாடு. பணக்காரர் மஞ்சத்தில் இடக்கை ஊன்றிச் சாய்ந்தபடி விருந்துண்டார்கள். இராப்போசனப் படங்களில் காணும் நாற்காலியெல்லாம் ஓவியர்களின் கற்பனை.

மிளகு நம் நாட்டிலிருந்து போனது. அங்கே ஒரு இராத்தல் கறுப்பு மிளகு நான்கு தெனாரியம் என்று பிளினி கணக்குத் தருகிறார். அவர்கள் இராத்தல் ஏறக்குறைய 330 கிராம். திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் உவமையை நினைத்துப் பாருங்கள். நாட்கூலி ஒரு தெனாரியம். ஆக, ஒரு கைப்பை மிளகுக்கு நாலு நாள் கூலி! அந்த வெள்ளிக் காசுகள், பரிசேயர் சோதித்தபோது ஆண்டவர் கேட்டு வாங்கிப் பார்த்தது போன்ற திபேரியு முகம் பொறித்தவையும் சேர்த்து, கோயம்புத்தூர்ப் பக்கம் குவியலாகக் கிடைத்திருக்கின்றன.

அரிக்கமேட்டில் இன்னொன்றும் உண்டு. 1770களில் ஆயர் பிஞோ தெ பெஎன் கட்டிய வேதபோதகர் இல்லத்தின் இடிந்த சுவர்கள். ஆறோ கரையை ஆண்டுதோறும் அரித்துக்கொண்டிருக்கிறது. கோடை விடுமுறையில் மறைக்கல்வி மாணவர்களை அங்கே அழைத்துப்போக எண்ணியிருக்கிறோம். வேனில் பெரியவர்களுக்கும் சில இடம் இருக்கிறது. கட்டுச்சோறும் கருவாட்டுக் குழம்பும் நம் தாய்மார் பொறுப்பு.