கோயாவின் கடைக்கண் பார்வை



படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. இன்று ஒரு படத்தைப் படிப்போம். ஸ்பெயின் தேசத்து ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா, தம்மைத் தாமே வரைந்து 1799-ம் வருஷத்தில் வெளியிட்ட அச்சுப்படம் அது. செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தால் அரிக்கச் செய்து, மை ஏற்றிக் காகிதத்தில் அழுத்தி எடுத்தது. 80 படங்கள் கொண்ட 'காப்ரிச்சோஸ்' தொகுதியில் இதுவே முதல் படம்.

அதில் என்ன இருக்கிறது? உயரமான தொப்பி அணிந்த மனிதர். முகம் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. இமைகள் பாதி தாழ்ந்திருக்கின்றன. உதடுகள் இறுகியிருக்கின்றன. கண்மணி மட்டும் ஓரத்துக்கு வந்து நம்மை நோக்குகிறது.

என்ன இல்லை? இதையும் கேட்க வேண்டும். கோயா அப்போது மன்னரின் அரண்மனை ஓவியர். ஆனால் படத்தில் அரண்மனை இல்லை, பதக்கம் இல்லை, தூரிகைகூட இல்லை. கீழே பெயரும் 'ஓவியர்' என்ற சொல்லும் மட்டுமே உள்ளன. முலாம் பூசும் தொழிலாளியின் மகன் அவர். 'மன்னர் தந்த பதவியால் அல்ல, செய்யும் தொழிலால் என்னை அறியுங்கள்' என்று அந்தப் படம் சொல்வதாகவே நாம் கொள்கிறோம்.

1793-க்குள் நோயினால் செவிப்புலனை இழந்தவர் கோயா. அவருடைய கண்கள் எதைக் கண்டன? ஏடுகளைப் புரட்டுவோம். 42-வது படத்தில் இரண்டு உழவர்கள் முதுகு வளைந்து நிற்கிறார்கள். அவர்கள் முதுகில் கழுதைகள் சவாரி செய்கின்றன! சுமக்க வேண்டியது ஏறி உட்கார்ந்துவிட்டது, உழைக்கிறவன் சுமக்கிறான். இதற்கு உரை வேண்டுமா?

43-வது படத்தில் ஓவியன் மேஜைமேல் தலை கவிழ்ந்து உறங்குகிறான். ஆந்தைகளும் வௌவால்களும் சூழ்ந்துகொள்கின்றன. பகுத்தறிவு உறங்கினால் பூதங்கள் பிறக்கும் என்பது அதன் தலைப்பு. கோயா முதலில் இதையே முகப்புப் படமாக வைக்க எண்ணியிருந்தார். பிறகு உறங்கும் ஓவியனை உள்ளே அனுப்பி, விழித்திருக்கும் ஓவியனை வாசலில் நிறுத்தினார். முதல் படத்தின் பொருள் இங்கேதான் முழுமை பெறுகிறது.

இப்படி விழித்திருப்பது அன்று ஆபத்தான காரியம். பாதிரிமார்களையும் பிரபுக்களையும் கேலி செய்த படங்கள் இவை. மதவிசாரணை மன்றமோ இன்னும் உயிரோடிருந்தது. மாட்ரிட் நகரில் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கும் கடையில் தொகுதி விற்பனைக்கு வந்தது. விலை 320 ரியால். கழுதையைச் சுமந்த உழவன் வாங்கக்கூடிய விலையல்ல. 1803-ல் கோயா தகடுகளையும், விற்காத 240 தொகுதிகளையும் மன்னரிடம் ஒப்படைத்து, மகனுக்கு உதவித்தொகை பெற்றார். அப்படியிருந்தும் தம்மீது மதவிசாரணை மன்றத்தில் புகார் கொடுத்தார்கள் என்று 1825-ல் ஒரு கடிதத்தில் எழுதினார்.

பணிந்துவிட்டார் என்று சொல்வது சுலபம். ஆனால் தகடுகள் அழியவில்லை; இன்றும் மாட்ரிட்டில் இருக்கின்றன. மன்னர் போய்விட்டார், மன்றமும் போய்விட்டது. அந்தக் கடைக்கண் பார்வை மட்டும் மாறவில்லை.

சுவரொட்டியோ, நாட்காட்டியோ, எந்த உருவப்படத்தைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேட்போம். என்ன இருக்கிறது? என்ன இல்லை? யார் யாரைச் சுமக்கிறார்கள்?