ஒரு கவளத்தின் புண்ணியம்

மதீனா நகரில் மார்க்கத்துக்கும் ஆட்சிக்கும் ஒருங்கே தலைமை தாங்கிய நபிகள் நாயகம் அவர்கள், வீட்டுக்குள் வந்துவிட்டால், கிழிந்த ஆடையைத் தாமே தைத்து, அறுந்த செருப்பைத் தாமே செப்பனிட்டு, தொழுகை நேரம் வரும்வரை குடும்பத்தாரின் பணியிலேயே ஈடுபட்டிருந்தார்கள் என்று அவர்களுடைய துணைவியார் அன்னை ஆயிஷா அறிவிக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களிலும், அன்னையார் நீர் பருகிவிட்டுக் கொடுத்த பாத்திரத்தை வாங்கி, அவர் வாய்வைத்த அதே இடத்தில் வாய்வைத்து நாயகம் பருகுவார்கள். மனைவியிடம் காட்டும் பிரியமும் தர்மமே. இறைவனின் திருப்தியை நாடிச் செய்தால், அவள் வாயில் ஊட்டும் ஒரு கவளத்துக்கும் நற்கூலி உண்டு என்பது நாயகத்தின் போதனை. ஆகவே, பிரியம் மனத்தில் இருந்தால் மட்டும் போதாது, செயலில் தெரியவேண்டும். இன்று காலைத் தேநீரை அவளுக்கு நீங்களே ஆற்றிக் கொடுங்கள்.