லாரி ஓட்டக் கடல் கடக்கும் நம் பிள்ளைகள்

(ஒற்றசேகரமங்கலத்தில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற கூட்டத்தில் ரேஷன் அட்டையைப் பற்றிப் பேசினோம். இந்தக் கூட்டத்தில் லாரியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டவர்கள் தாய்மார்கள். காரணம் எல்லாருக்கும் தெரியும். ரப்பர் வெட்டவும், செங்கல் சூளையில் வேகவும் இந்தப் பக்கம் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று டாரஸ் ஓட்டுகிறார்கள். குமரி மாவட்டத்துக் கல்லும் எம்-சாண்டும் களியக்காவிளை வழியாக அவர்கள் கையில்தான் வருகின்றன. ராத்திரி முழுக்கக் கண்விழித்து ஓட்டியும் மாதக் கடைசியில் கையில் நிற்பது சொற்பம். அந்த நேரம் பார்த்து ஏஜெண்ட் வருகிறான். துபாய் என்கிறான், சவூதி என்கிறான், இப்போது போலந்து, லித்துவேனியா என்றும் சொல்லத் தொடங்கிவிட்டான். போகாதே என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? நம் தகப்பன்மாரும் ஆரல்வாய்மொழி தாண்டிப் பிழைக்க வந்தவர்கள்தானே!

ஆகவே போவதா வேண்டாமா என்பது இன்றையப் பேச்சு அல்ல. கையில் என்ன தாளோடு போகிறான் என்பதுதான் பேச்சு.

நாங்கள் ரயில்வே குமாஸ்தாக்கள். ஒரு மூட்டைக் கருவாட்டைப் பார்சலில் போட்டாலும் அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு, எடை எவ்வளவு என்று எழுதி ரசீது கொடுக்கிறோம். மூட்டை வழிமாறிப் போனால் பதில் சொல்ல ஒரு ஆபீஸ் உண்டு. கருவாட்டுக்கு இருக்கிற இந்த ஒழுங்கு நம் பிள்ளைகளுக்கு இருக்கிறதா?

ஆறு மாதத்துக்கு முன்னால் நம் சங்கத்துக்கு ஒரு பையன் வந்தான். பத்தாம் வகுப்புத் தேறியவன், கனரக வாகன உரிமம் உள்ளவன், நல்ல ஓட்டுக்காரன். சவூதியில் டிரெய்லர் ஓட்டும் வேலை என்று சொல்லி ஏஜெண்ட் 1,40,000 ரூபாய் வாங்கியிருந்தான். தாயாரின் சங்கிலி அடகில், சிட்டி பிடித்த பணமும் போயிற்று. பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சும்மா காட்டிவிட்டுப் போகலாம் என்று விசாத் தாளைக் கொண்டுவந்தான். ஆங்கிலத்தில் டிரைவர் என்று இருந்தது. அரபியில் என்ன இருக்கிறது என்று நம்மில் யாருக்கும் தெரியவில்லை. தம்மாமில் பல வருடம் தண்ணீர் டேங்கர் ஓட்டித் திரும்பிய அண்ணாச்சி ஒருவரைக் கூப்பிட்டோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், “மக்களே, இது சாயிக் காஸ். வீட்டு டிரைவர். லாரி என்றால் சாயிக் ஷாஹினா என்று இருக்கணும்” என்றார்.

வார்த்தைதானே மாறியிருக்கிறது, வளையம் ஒன்றுதானே என்று நினைக்கக் கூடாது. சவூதித் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. அந்தச் சட்டம் வீட்டு வேலையாட்களுக்குப் பொருந்தாது. வீட்டு டிரைவரும் வீட்டு வேலையாள் கணக்கில்தான். அவர்களுக்கென்று தனி விதிமுறையே 2013இல்தான் வந்தது. வீட்டு டிரைவர் விசாவில் போனவன் கம்பெனி லாரியில் ஏறினால், சட்டத்தின் பார்வையில் அவன் அங்கே வேலை செய்யவே இல்லை! சம்பளம் நின்றாலும் விபத்து நடந்தாலும் குற்றவாளியாக நிற்பவன் அவனே.

வீட்டு டிரைவர் என்றால் என்ன வேலை என்பதற்கும் எல்லை இல்லை. 2006இல் கோழிக்கோட்டிலிருந்து ஒருவர் அந்த விசாவில் போனார். உடல் செயலிழந்த சிறுவனைப் பார்த்துக்கொள்வதும் அவர் தலையில் விழுந்தது. காரில் போகும்போது அவர் கை பட்டு அந்தப் பையனின் உயிர்காக்கும் கருவி விலகி, பையன் இறந்தான். இவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2024 ஏப்ரலில் ஊர் ஊராக வசூல் செய்து 34 கோடி ரூபாய் ரத்தப்பணம் திரட்டியபின்தான் தலை தப்பியது. டிரைவராகப் போனவரின் கதை இது.

நிற்க. தாளில் வேலை சரியாக இருந்தால் போதுமா? சாலை எது என்பதும் இருக்க வேண்டும். 2004 ஜூலையில் ஈராக்கில் ஏழு லாரி ஓட்டுநர்களை ஆயுதக் குழு ஒன்று பிடித்துச் சென்றது. மூவர் இந்தியர், மூவர் கென்யர், ஒருவர் எகிப்தியர். நம் மூவரும் பஞ்சாப், இமாசலப் பக்கத்து ஏழை வீட்டுப் பிள்ளைகள். வேலையில் சேர்ந்தது குவைத்துக் கம்பெனியில். லாரி ஓடியதோ யுத்தம் நடக்கும் ஈராக்குக்குள். கம்பெனி ஈராக்கை விட்டு வெளியேறாவிட்டால் ஒவ்வொருவராகத் தலையை வெட்டுவோம் என்று படம் பிடித்துக் காட்டினார்கள். அன்றைய வெளியுறவு இணையமைச்சர், கேரளத்துக்காரரான இ.அகமது தலைமையில் குழு அமைத்தார்கள், பேசினார்கள். செப்டம்பர் 1ஆம் தேதிதான் ஏழு பேரும் உயிரோடு வந்தார்கள். ஆறு வாரம்! அந்த வீடுகளில் அடுப்பு எரிந்திருக்குமா என்று தாய்மார்களே நினைத்துப் பாருங்கள். இராணுவத்துக்குச் சாமான் ஏற்றிய கம்பெனி லாபம் பார்த்தது. கத்தி இருந்தது ஓட்டுநர் கழுத்தில்.

அது பழைய கதை என்று தள்ள வேண்டாம். பாதுகாவலர் வேலை என்று ரஷ்யாவுக்கு அழைத்துப்போய்ப் போர்முனையில் நிறுத்தப்பட்டவர்களில் அஞ்சுதெங்குப் பிள்ளைகளும் நம் நெய்யாற்றின்கரைக் கடற்கரைப் பிள்ளையும் இருந்தது 2024இல் வெளிவந்த செய்தி.

படிக்க முடியாத மொழியில் கையெழுத்துப் போடுவது என்ன என்பது மற்ற யாரையும்விட நமக்குத் தெரியும். 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம், செங்கோட்டை எல்லாம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றது. அன்றிலிருந்து ஆபீசில் நீட்டுகிற மலையாளத் தாளில் பக்கத்தில் நிற்பவனை நம்பிக் கைநாட்டு வைத்தவர்கள் நம் பெற்றோர். இப்போது பிள்ளைகள் அரபியில் வைக்கிறார்கள். முன்னேற்றம்தான்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவுபெற்ற ஏஜெண்ட் மட்டுமே ஆள் எடுக்கலாம். அவன் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்குமேல் ஜி.எஸ்.டி. மட்டும். நம் பையனிடம் வாங்கியதோ அதைப்போல் நாலு பங்குக்கும் மேல். பெயர் பதிவில் உண்டா என்பதை அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பார்த்தோம், அவன் பெயர் இல்லை. இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவன் வளைகுடாவுக்குப் போவதென்றால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். அவன் ஒப்பந்தத்தை ஒரு அதிகாரியாவது பார்ப்பார், 10 லட்ச ரூபாய்க் காப்பீடும் கட்டாயம். தேறியவனுக்கு அந்த அனுமதி தேவையில்லை. எங்களைப் போன்ற மெட்ரிக்காரர்களுக்கு அரசு கொடுக்கும் மரியாதை இது: உன் தாளை நீயே பார்த்துக்கொள்!

ஐரோப்பா என்றால் எல்லாம் ஒழுங்கு என்கிறார்கள். அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 என்று விதி உண்டு; லாரியிலேயே கருவி பதிவு செய்கிறது. நல்ல விதிதான். ஆனால் 2023இல் ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் பக்கம் கிரேஃபன்ஹவுசன் என்ற இடத்தில் நடந்ததைக் கேளுங்கள். போலந்துக் கம்பெனி ஒன்றின் லாரிகளை ஓட்டிய ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் தோழர்கள் 60 பேருக்கு மேல் சம்பளம் வராமல் நெடுஞ்சாலை ஓரம் லாரிகளை நிறுத்திவிட்டார்கள். பெரிய வெள்ளிக்கிழமை அன்று முதலாளி கவச வண்டியோடு கூலிப்படையைக் கூட்டிவந்து லாரிகளைப் பிடுங்கப் பார்த்தான். போலீஸ் அவனைத்தான் பிடித்தது. நெதர்லாந்துத் தொழிற்சங்கக்காரர் எட்வின் அட்டேமா முன்னின்று பேசினார். ஏப்ரல் கடைசியில் சுமார் 3 லட்சம் யூரோ பாக்கிச் சம்பளம் வந்து சேர்ந்தது. ஊர் வேறு, மொழி வேறு, யாரையும் யாருக்கும் முன்பின் தெரியாது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றார்கள், அவ்வளவுதான். அதே கோடையில் அதே இடத்தில் இன்னும் பெரிய கூட்டம் மறுபடியும் நின்று, உண்ணாவிரதம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இனி நம் வேலை. அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை தோறும் மாலையில் சங்க அறையில் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். பணம் கொடுப்பதற்கு முன் தாளைக் கொண்டுவாருங்கள். பயணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வேண்டாம். வேலையின் பெயர், எந்த நாட்டுச் சாலை, லாரியின் காப்பீடு யார் பேரில், இந்த மூன்றையும் அவர் வாசித்துச் சொல்வார். காப்பீட்டை லேசாக நினைக்க வேண்டாம்: அமீரகத்தில் விபத்தில் ஓர் உயிர் போனால் சட்டப்படி ரத்தப்பணம் 2 லட்சம் திர்ஹம்.

அந்தப் பையன் போகவில்லை. மறுபடி டாரஸ் ஓட்டுகிறான். பணம் திரும்பவில்லை. அவன் தாயார் முன்வரிசையில் இருக்கிறார். வரும் புதன்கிழமை திருவனந்தபுரத்தில் குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தில் மனு கொடுக்கிறோம், அப்படியே போலீசிலும். தனியாக ஒரு விதவைத் தாய் போனால் நாற்காலி காட்டமாட்டார்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து காலை வண்டி. கூட வருகிறவர்கள் இப்போதே பேர் கொடுங்கள், டிக்கெட் நாங்கள் எடுத்து வைக்கிறோம்.