பள்ளிக்கூடம் முடிந்த பிறகு…

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் 32 ஆண்டுகள் கணக்கு எழுதியவன். மேடைப் பேச்சு வராது. சாமிதான் விடவில்லை. “உம்முடைய அக்காள் மகனைப் பற்றிச் சொல்லும், அது போதும்” என்றார்.

அவன் பிறவியிலேயே மூளை முடக்குவாதம் உள்ளவன். நடை தள்ளாடும். பேச்சு நமக்குப் பிடிபடச் சற்று நேரமாகும். ப்ளஸ் டூ வரை படித்தான். பள்ளிக்கூடம் இருந்தவரை காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. அதன் பிறகு மூன்று வருடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். உதவித்தொகைக்கு மனுப் போட்டோம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம். உனக்கு என்ன வேலை பிடிக்கும் என்று அவனிடம் கேட்க மட்டும் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாய்மாமன் நானும் அதில் சேர்த்திதான்.

நம் பங்கில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் ஒருவர், ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே அவனிடம் போய், “தம்பி, நாளைக்குக் கடைக்கு வர்றியா?” என்றார். எங்களிடம் கேட்கவில்லை, அவனிடம் கேட்டார். அக்காள் பயந்துவிட்டாள். ஆனாலும் அனுப்பினோம்.

முதல் மாதம் அவன் கற்றது டைப்பிங் அல்ல. டவுன் பஸ் ஏறுவது, மீதிச் சில்லறையை எண்ணி வாங்குவது, டீக்கடையில் தனக்கு ஸ்ட்ரா வேண்டும் என்று கூசாமல் கேட்பது, இவைதான். அதன் பிறகே ஒற்றை விரலால் அடிக்கப் பழகினான். ஒருநாள் கலியாணப் பத்திரிகையில் தேதியைத் தப்பாக அடித்துவிட்டான். 100 பத்திரிகை வீண். கடைக்காரர் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். அன்றிரவு, “மாமா, இன்னிக்கு என்னையும் திட்டிட்டாங்க!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். 21 வயதில் முதன்முறையாக ஒருவர் அவனை வேலை செய்கிற ஆளாக மதித்துக் கோபித்திருக்கிறார். நாங்கள் பரிதாபப்பட்டதோடு சரி.

தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணன் 1975-ல், கல்லூரி மாணவராக இருந்தபோது, கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சையளித்துத் தைரியமூட்டிய விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே 1981-ல் சங்கத்துக்கு வைத்தார். வழிகாட்டிய ஒருவரை ஆயுள் முழுதும் மறக்க முடிவதில்லை பாருங்கள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றிச் சுற்றுமடல் எழுதியதும் அதே 1981-ல்தான். அதில் ஒரு பகுதியை உடல் ஊனமுற்றோரின் உழைப்புக்கென்றே ஒதுக்கினார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொண்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகையாக்கியது. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதமும் உயர்கல்வியில் 5 சதவீதமும் ஒதுக்கீடு. அவர்களுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. 18 முடிந்த மறுநாள் சட்டத்தின் கண்ணில் பிள்ளை பெரியவன். வீட்டின் கண்ணில் இன்னும் குழந்தை. இந்த இடைவெளியில்தான் பலர் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். சிலருக்கு 18-க்குப் பின்னும் பாதுகாவலர் அவசியம். அதற்கு 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். எல்லாருக்கும் அது தேவையில்லை. என் மருமகனுக்கு வேண்டியிருந்தது அவன் பெயரில் ஒரு பாங்குக் கணக்கு. அதற்கு அவனே போய்க் கையெழுத்துப் போட்டான். கையெழுத்து இரண்டு கட்டம் தாண்டிப் போயிற்று, பரவாயில்லை.

நம் பங்கில் தையற்காரர், தச்சர், நர்ஸ், ஆசிரியர், மின்சார வேலைக்காரர் எல்லாரும் இருக்கிறீர்கள். வாரம் இரண்டு நாள் ஒரு பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொழில் அவனுக்கோ அவளுக்கோ ஒத்துவராவிட்டால் ஒளிக்காமல் சொல்லி, வேறொருவரிடம் அனுப்புங்கள். வேலை பழகிவிட்டால் கூலி கொடுங்கள். சும்மா வேலை வாங்குவது புண்ணியமாகாது.

கூட்டம் முடிந்ததும் அந்தக் கடைக்காரர் கொடிமரத்தடியில் ஒரு நோட்டுடன் நிற்பார். தொழில் தெரிந்தவர்கள் பெயர் கொடுங்கள். பெற்றோர்கள் இன்று எழுத வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் கேட்டு, அடுத்த ஞாயிறு வந்து எழுதுங்கள். கையெழுத்து தெளிவாக இருக்கட்டும். டைப் அடிக்கப்போவது என் மருமகன்.