மெட்டு ஏறாத புத்தகங்கள்

(போடிமெட்டில் கூடிய வாசகர்கள் மத்தியில் பேசியதின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இப்ப என்ன படிச்சுக்கிட்டு இருக்கீங்க, எங்களுக்கு எதைப் படிக்கச் சொல்றீங்கன்னு கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டீங்க. ஒரு இருபது பேரு வரிசையா வாசிச்சிட்டு உக்காந்துரலாம். அதுக்கு மெட்டு ஏறி வரணுமா? அதனால நாலஞ்சு புத்தகத்தைப் பத்தி மட்டும் பேசுறேன். உள்ள என்ன இருக்குன்னு சொல்றேன். அதோட இன்னொரு கணக்கும் சொல்றேன். அந்தப் புத்தகம் எழுதின வருசத்துல இருந்து நம்ம சனங்க கைக்கு வந்து சேர எத்தனை வருசம் ஆச்சுங்கிற கணக்கு. இலக்கிய விமர்சகர்கள் இந்தக் கணக்கைப் போடுறதில்ல. அவங்களுக்குத் தேவையும் இல்ல.

மதுரையில இருந்து போடிக்கு 1928ல ரயில் வந்துச்சு. அதுக்கும் முன்னாலயே டாப் ஸ்டேஷன்ல இருந்து கொட்டகுடிக்கு ரோப்வே போட்டு மூணாறு தேயிலைப் பெட்டிகளை இறக்கினான் வெள்ளக்காரன். சரக்கு இறங்குறதுக்கு வழி எப்பவும் இருந்துருக்கு. ஏலக்காய்க்கும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு. ஆளு ஏறுறதுக்கும் வழி இருக்கு, விடியக்காலம் ஜீப்புல அடைச்சு ஏத்துறான். புத்தகம் மட்டும் மெட்டு ஏறல.

முதல்ல பாபாசாகேப்பின் ஒரு சின்ன நூல். விசாவுக்காகக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் அவர் இங்கிலீசில் எழுதிய நினைவுக் குறிப்புகள். தடிமனான தொகுதிகளைப் பாத்துப் பயப்படுறவங்க இதுல ஆரம்பிக்கணும். ஒரே ராத்திரியில படிச்சிரலாம். 1901ல நடந்த ஒரு பயணம் அதுல வருது. அவருக்கு அப்ப ஒன்பது வயசு இருக்கும். அப்பா கோரேகாவ்ல காசாளர் வேல. பிள்ளைக சதாராவுல இருந்து புதுத்துணி உடுத்தி ரயிலேறிப் போறாங்க. மாசூர் ஸ்டேஷன்ல இறங்குனா கூட்டிட்டுப் போக ஆள் வரல. ஸ்டேஷன் மாஸ்டர் பிரியமாத்தான் விசாரிக்கிறாரு. மகார்ன்னு தெரிஞ்சதும் மூஞ்சி மாறிப்போகுது. வண்டிக்காரன் எவனும் ஏத்த மாட்டேங்கிறான். கடைசில ரெட்டை வாடகைக்கு ஒருத்தன் ஒத்துக்கிறான். அதுவும் எப்படி? வண்டியைப் பிள்ளைகளே ஓட்டணும், அவன் கூட நடந்து வருவான். ராத்திரி சுங்கம் வசூல் பண்றவன் குடிசைகிட்ட நிக்கிறாங்க. கையில சோறு இருக்கு. குடிக்கத் தண்ணி இல்ல. முசல்மான்னு பொய் சொல்லிக் கேட்டும் தண்ணி கிடைக்கல. பசியோட படுக்குறாங்க.

இதை இங்க வச்சு வாசிச்சா வேற மாதிரி கேக்கும். நம்ம மெட்டுலயும் செக்போஸ்ட் இருக்கு. எல்லைய யார் தாண்டலாம், எவன் சீட்டு காட்டணும், எவனுக்குத் தண்ணி கிடைக்கும்னு நமக்குப் புதுசா யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. பத்து வயசுப் பிள்ளைக்குக்கூட விளங்கும்.

இப்ப கணக்கு. இது 1930கள்ல எழுதுனது. அவர் உயிரோட இருந்தவரைக்கும் அச்சாகல. தனிப் புத்தகமா வந்தது 1990ல. இதுக்கு நேர்மாறா இன்னொன்னு பாருங்க. 1936ல லாகூர் மாநாட்டுக்காகச் சாதி ஒழிப்புப் பேருரையை எழுதுறாரு. கூப்பிட்டவனே பயந்துபோயி மாநாட்டை ரத்து பண்ணிட்டான். பேச விடாத அந்தப் பேச்சைத் தன் சொந்தச் செலவுல 1500 பிரதி அச்சடிக்கிறாரு. ரெண்டே மாசத்துல தீந்துபோச்சு. 1937ல ரெண்டாம் பதிப்பு போடும்போது, தமிழ்லயும் குஜராத்தியிலயும் வந்தாச்சுன்னு முன்னுரையில எழுதுறாரு. ஒரே வருசம்! எப்படி நடந்துச்சு? பெரியார் அதைக் கையில எடுத்துக்கிட்டாரு. குடி அரசு இருந்துச்சு. சுமக்க ஆள் இருந்தா புத்தகம் வேகமா நடக்கும், அம்புட்டுத்தான்.

அடுத்தது நம்ம மலைக்கதை. ‘எரியும் பனிக்காடு’. எழுதினவர் பி.எச். டேனியல். தோட்டத்துல டாக்டரா இருந்தவர், தொழிற்சங்கம் கட்டுனவர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்கள்ல 1920கள்ல நடந்த கதை. திருநெல்வேலிச் சீமையில பஞ்சம் தின்ன ஒரு சேரியில இருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரி பேச்சை நம்பி, முன்பணம் வாங்கிக்கிட்டு மலையேறுறாங்க. மலையில தேங்காயும் மாசியும் கொழிக்கும்னு சொல்லிக் கூட்டிட்டுப் போன கதை நம்ம தாத்தா பாட்டிக்கெல்லாம் தெரியும். மேல போனா குளிரு, அட்டைக்கடி, மலைக்காய்ச்சல், தொரை, கங்காணி. வருசக் கடைசியில கணக்குத் தீத்தா கையில காசு இல்ல, கடன்தான் இருக்கு. கடன் இருக்குற வரைக்கும் இறங்க முடியாது.

படிக்கும்போது இந்த முன்பணக் கணக்கை நிதானமாப் படிங்க. கதையோட வேகத்துல தாண்டிப் போயிராதீங்க. அடி உதையை விட அந்த நோட்டுப் புத்தகம்தான் பெரிய சங்கிலி. இன்னைக்கு லயத்துக்குப் போகாம போடியில இருந்தே ஏலத்தோட்டத்துக்குப் போயிட்டு வர்றவங்களும், எந்த வீட்டுல முன்பணம் வாங்கி எந்த விசேசத்துக்குச் செலவழிச்சீங்கன்னு உங்களுக்குள்ள ஒருதடவை கேட்டுக்குங்க.

குறையும் சொல்லணும். எழுதினவர் டாக்டர். அதனால நோயும் சாவும் அவருக்குத் துல்லியமாத் தெரியுது. லயத்துக்குள்ள சனங்க சிரிச்சது, பாடுனது, சண்டை போட்டது, கங்காணியை மறைவுல நக்கலடிச்சது, அதெல்லாம் கொறச்சல். இருந்தாலும் இந்த நாவலுக்கு ஈடா ஒன்னு ஏலத்துக்கு வேணும். செடியோட தூருல குந்தி, சரம் சரமாப் பாத்து காயெடுக்குற பொம்பளைக, ஸ்டோர்ல ராத்திரி புகையில நிக்கிற ஆம்பளைக, போடி கிட்டங்கியில ஒவ்வொரு காயாத் தரம் பிரிக்கிற அக்காமாரு, இவங்க பேசுற நாவல். கூட்டத்துல ரெண்டு மூணு பேரு நோட்டுல எழுதி வச்சிருக்கிறதா கேள்விப்பட்டேன். வெக்கப்படாம கொண்டாங்க.

இதோட கணக்கு என்ன தெரியுமா? டேனியல் இங்கிலீசுல எழுதினது 1969ல. இரா. முருகவேள் தமிழ்ல கொண்டு வந்தது 2007ல. முப்பத்தெட்டு வருசம்! கருப்பனும் வள்ளியும் பேசுன பாசைக்கு அவங்க கதை வர முப்பத்தெட்டு வருசம். அதுக்கப்புறம் 2013ல ‘பரதேசி’ன்னு சினிமாவா வந்துச்சு. நெறையப் பேரு படத்தைப் பாத்துட்டுப் புத்தகத்தைப் படிச்ச மாதிரி பேசுறாங்க. நாவல்ல மரியாதையா வர்ற டாக்டரைப் படத்துல மதம் மாத்த வந்து கூத்தடிக்கிற ஆளா ஆக்கிட்டாங்க. படம் பாத்தவங்க அவசியம் புத்தகம் படிக்கணும்.

‘கருக்கு’ பத்தி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்ல. 1992ல வந்துச்சு. கன்னியாஸ்திரி மடத்துக்குள்ளயும் சாதி உக்காந்துருக்குன்னு பாத்துட்டு வெளிய வந்த பாமா எழுதினது. பலகாரப் பொட்டலத்தை மேல படாம நூலைப் பிடிச்சுத் தூக்கிட்டுப் போற பெரியவரைப் பாத்துச் சின்னப்பிள்ளை சிரிக்கிறதும், அண்ணன் விவரம் சொன்னப்புறம் அந்தச் சிரிப்பு என்னவா ஆகுதுங்கிறதும் எத்தனை தடவை படிச்சாலும் வயித்தைப் பிசையும். இதெல்லாம் தமிழா, பேச்சு வழக்குல எழுதுனா இலக்கியமான்னு அன்னைக்குப் புலவர்மாரெல்லாம் மூக்கைச் சுளிச்சாங்க. சுளிச்ச மூக்கு சுளிச்சபடியே இருக்கட்டும். இன்னைக்குப் பல்கலைக்கழகத்துல பாடம்.

நான் சொல்ல வந்தது வேற. கருக்கு வந்ததும் கோவப்பட்டது ஆதிக்க சாதி மட்டும் இல்ல. பாமாவோட சொந்த ஊர்ச் சனமே கோவப்பட்டுச்சு. எங்களைப் பத்தி, எங்க பட்டப்பேரை எல்லாம் போட்டு எப்படி எழுதலாம்னு கேட்டாங்க. பல மாசம் அவங்க ஊருக்குள்ள போக முடியல. இதை பாமாவே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. அப்புறம் எப்படிச் சரியாச்சு? படிச்ச இளவட்டங்க புத்தகத்தைப் படிச்சு, படிக்காத பெரியவங்களுக்கு விளக்கிச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் இது நம்மள அசிங்கப்படுத்துற எழுத்து இல்ல, நம்ம பக்கம் நிக்கிற எழுத்துன்னு விளங்குச்சு.

இதுல நமக்குப் பாடம் இருக்கு. யாரைப் பத்திப் புத்தகம் எழுதப்பட்டிருக்கோ அவங்க அதை அடுத்தவன் சொல்லித்தான் கேக்குறாங்க. சொல்றவன் திரிச்சுச் சொன்னா திரிஞ்சுதான் போய்ச் சேரும். அதனாலதான் வீட்டுக்குள்ள தனியா மௌனமாப் படிக்கிறது நமக்குப் பத்தாதுங்கிறேன். சத்தமா வாசிக்கணும். கா எடுக்கப் போற அக்கா கேக்குற மாதிரி வாசிக்கணும்.

சரி. இப்ப கசப்பான புத்தகம். ‘கோவேறு கழுதைகள்’, இமையம், 1994. நாம எல்லாரும் சேந்து படிக்கணும்னு நான் ரொம்ப வற்புறுத்துறது இதைத்தான். ஆரோக்கியம்னு ஒரு புதிரை வண்ணாத்தி. சேரிக்குத் துணி வெளுக்குறா. பிள்ளைப்பேறு பாக்குறா. சாவு வீட்டுல வேல செய்றா. களத்துமேட்டுல மிச்ச தானியத்துக்குக் காத்துக் கெடக்குறா. ராத்திரி வீடு வீடா சோறு எடுக்குறா. யாருக்கிட்ட? நம்மகிட்ட. காலனிக்காரங்கிட்ட. அவ மகளுக்கு நடக்குற கொடுமையும் வெளி ஆளால இல்ல, நம்ம தெரு ஆம்பளையாலதான்.

இந்த நாவல் வந்தப்ப நம்ம அறிவாளிகளே ரெண்டா நின்னாங்க. இது தலித் இலக்கியமே இல்ல, தலித்துகளுக்கு எதிரான எழுத்து, எதிரிக்கு ஆயுதம் எடுத்துக் கொடுக்குதுன்னு ஒரு பக்கம். இமையமும் தன்னைத் தலித் எழுத்தாளர்னு சொல்லிக்க ஒத்துக்கல. அந்தச் சண்டைக்குள்ள நான் போகல. எதிரிக்கு நம்மள அடிக்க நாவல் தேவையா? 1989ல போடியில, மீனாட்சிபுரத்துல கலவரம் நடந்துச்சே, எந்த நாவலைப் படிச்சிட்டு வந்தான்? ஆயுதம் கொடுக்குதுங்கிற வாதம் நம்ம வாயை நாமளே கட்டிக்கிறதுக்குத்தான் உதவும்.

ஜீப்புல மலைக்கு ஏறும்போது எல்லாரும் தோளோட தோள் நெருக்கி உக்காந்து போறோம். சாயங்காலம் இறங்குனதும் தெருத்தெருவாப் பிரிஞ்சு போயிடுறோம். பள்ளர் தெரு, பறையர் தெரு, சக்கிலியர் தெரு. சக்கிலியர் வீட்டுக் கல்யாணத்துல எத்தனை பேரு உக்காந்து சாப்பிட்டிருக்கோம்? 2009ல அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு கொடுத்தப்ப நம்ம ஆளுகளே என்ன பேசுனாங்கன்னு இங்க இருக்குற எல்லாருக்கும் தெரியும். 2024 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் உள்ஒதுக்கீடு செல்லும்னு சொன்னப்பவும் அதே பேச்சுத்தான். பள்ளர்-பறையர் சண்டையை எழுதுன பாமாவோட ‘வன்மம்’ 2002ல வந்துச்சு. அதையும் இதோட வச்சுப் படிங்க. சாதி ஒழிப்புன்னா நமக்கு மேல இருக்குறவன் சாதியை மட்டும் ஒழிக்கிறது இல்லையே.

அயோத்திதாசரைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். 1907 ஜூன் 19ல ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் ஆரம்பிச்சாரு. 1914ல சாகுற வரைக்கும் எழுதினாரு. கோலார் தங்கவயல் தொழிலாளிக அதை ஆதரிச்சாங்க, 1926ல அப்பாதுரையார் அங்க இருந்தே ‘தமிழன்’ இதழைத் திரும்பக் கொண்டுவந்தாரு. ஆயிரம் அடிக்குக் கீழ சுரங்கத்துல வேல பாத்தவங்க சொந்தப் பத்திரிகைய வாழ வச்சிருக்காங்க. அப்படியிருந்தும், ஞான. அலாய்சியஸ் தேடித் தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வந்தது 1999ல. எம்பத்தஞ்சு வருசம்! படிங்க. ஆனா கும்பிட்டுக்கிட்டே படிக்காதீங்க. அருந்ததியரையும் மத்தவங்களையும் அவர் தனியாத் தள்ளி வச்சு எழுதுன இடங்களைப் பத்தி அருந்ததியர் தோழர்கள் வச்ச விமர்சனத்துக்கு இன்னும் நாம ஒழுங்கா பதில் சொல்லல.

போன கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க: இதெல்லாம் படிச்சா கூலி கூடுமா தம்பி? கூடாதுக்கா. 2015 செப்டம்பர்ல மூணாறுல நம்ம பொம்பளைக ரோட்டுல உக்காந்தாங்க. அன்னைக்குக் கூலி 232 ரூவா. 500 கேட்டாங்க, 20 சதவீதம் போனஸ் கேட்டாங்க. ஆம்பளைத் தலைவர்களைக் கிட்ட விடாம பெண்கள் ஒற்றுமைன்னு தங்களுக்குத் தாங்களே பேரு வச்சுக்கிட்டாங்க. கூலி 301 ஆச்சு. எந்தப் புத்தகத்தையும் படிச்சிட்டு அவங்க உக்காரல. ஆனா 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில மண் சரிஞ்சு லயத்தோட 70 பேரு போனாங்களே, டிவிக்காரன் கொஞ்ச நாள்தான் நின்னான். செத்தவங்க எந்த ஊர்ல இருந்து எப்ப மலையேறுன குடும்பம், எத்தனை தலைமுறையா சொந்த வீடு இல்லாம அந்த லயத்துல கெடந்தாங்கங்கிறதை அவன் கேக்கல. முப்பத்தெட்டு வருசம் கழிச்சு எவனோ இங்கிலீசுல எழுதி, அதை இன்னொருத்தர் தமிழ்ல கொண்டு வரட்டும்னு காத்திருக்கப் போறோமா?

கடைசியா நடைமுறை விசயம். 1948ல இருந்தே நூலகச் சட்டம் இருக்கிற மாநிலம் இது. வீட்டு வரியோட நூலக வரியும் சேத்துத்தான் கட்டுறோம். போடி நூலகத்துல இந்தப் புத்தகமெல்லாம் வேணும்னு எழுதிக் கொடுங்க. வாயால கேட்டா மறந்துருவாங்க, எழுதித்தான் கொடுக்கணும். எங்கிட்ட கருக்கு ரெண்டு பிரதி இருக்கு. ஒன்னு தோட்டத்துப் பக்கம் போகட்டும், இன்னொன்னு குரங்கணிக்குப் போகட்டும். எரியும் பனிக்காடு ஒன்னுதான் இருக்கு, அதை யாரும் வீட்டுக்குக் கொண்டு போக வேணாம், இங்கயே வாசிப்போம். அடுத்த மாசம் ஞாயித்துக்கிழமை கோவேறு கழுதைகள். மூணு தெருவுல இருந்தும் ஆள் வரணும். வாசிக்கிறது அருந்ததியர் தெருவுல வச்சு. சாப்பாடும் அங்கதான்.