உருவம் பழசு, உள்ளே புதுசு

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

சங்கச் செயலாளர் போன் செய்து, "பழைய நினைவுகள் பற்றி ஏதாவது பேசுப்பா" என்றார். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் கேன்டீன் பாக்கியைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே பேசிவிட்டார்கள். நான் மெக்கானிக்கல் படித்தவன். பழைய நினைவையே இயந்திரமாகச் செய்து இன்று விற்கிறார்களே, அதைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வெளிநாட்டு உதாரணம். நம் ஏரிகளில் மீன் பிடிக்க ஒரு மூங்கில் கழியும் நரம்பும் போதும். இங்கிலாந்தில் பூச்சி மாதிரி செய்த இரையைக் கட்டி ட்ரவுட் மீன் பிடிப்பார்கள். அந்த ட்ரவுட்டை வெள்ளைக்காரர்கள் நம் நீலகிரிக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அதைப் பிடிக்கும் தூண்டிலில் நூல் சுற்றும் ரீல் ஒன்று இருக்கும். ஆல்னிக் என்ற ஊரில் ஹார்டி என்ற கம்பெனி 1891இல் 'பெர்ஃபெக்ட்' என்ற ரீலைக் கொண்டுவந்தது. மீன் நூலை இழுக்கும்போது ரீலுக்குள் இருக்கும் சிறு நாக்கு பல்சக்கரத்தில் தட்டி 'கிர்ர்' என்று சத்தம் போடும். நூல் தறிகெட்டு ஓடாமல் தடுப்பதும் அந்த நாக்குதான். இப்போது தட்டு பிரேக் வைத்த ரீல்கள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய ரீல் மாதிரியே புதிதாகக் கடைந்து விற்கிறார்கள், வாங்குபவர்களும் அந்தச் சத்தம் இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். மைசூரில் தயாரான ஜாவா, யெஸ்டி வண்டிகள் 1996இல் நின்றுபோயின. 2018இல் ஜாவா திரும்ப வந்தது. பழையது டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். புதியது ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் எஞ்சின். ஆனால் அதிலும் இரண்டு சைலன்சர் உண்டு, சிலிண்டரைச் சுற்றிக் காற்றில் குளிர்வதற்கான மடிப்புகளும் உண்டு! முன்பக்கம் ரேடியேட்டர் இருக்கும்போது அந்த மடிப்புகள் எதற்கு? முக்கியமாக நம் கண்ணுக்காகத்தான்.

மூன்றாவது நம்ம புல்லட். இது நம் மாவட்டத்துக் கதையும்கூட. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி இது. 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1967இல் ரெட்டிச் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். தாய்வீட்டில் நின்றுபோன வண்டி, புகுந்த வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் வைத்த அந்த எஞ்சின் பெரிய மாற்றம் இல்லாமல் சுமார் 50 வருஷம் வந்தது. ஆகவே நம் ஊர் பழைய புல்லட்டை நகல் என்று சொல்ல முடியாது. அதை யாரும் நிறுத்தவே இல்லை.

மாற்றம் வந்தது 2008, 2009இல்தான். புகைக் கட்டுப்பாட்டுக்கு ஈடுகொடுக்க அலுமினிய எஞ்சின் வந்தது. 2009இல் இந்தியாவில் 'கிளாசிக்' வந்தது. 1940, 50களின் முகத்தோடு ஒரு புது வண்டி! 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் தொழிற்சாலைகள் வந்தன. 2021இல் கிளாசிக்குக்கு இன்னொரு புது எஞ்சின் வந்தது. அதிர்வைக் குறைக்கப் பேலன்சர் தண்டு, பெட்ரோலைக் கணக்காகத் தெளிக்கும் கம்ப்யூட்டர், டிஸ்க் பிரேக், ஏபிஎஸ் எல்லாம் உண்டு. ஆனால் ஹெட்லைட்டுக்கு மேலே இரண்டு புலிக்கண் விளக்கு அப்படியே இருக்கிறது. கிக்கர் இல்லை!

இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. பழைய வண்டியில் மழை நாளில் முன் டிரம் பிரேக்கைப் பிடித்து லாரிக்குப் பின்னால் நின்றவர்களுக்குப் புது வண்டியின் அருமை தெரியும். எண்ணெய் ஒழுகாத எஞ்சினும் குறைந்த புகையும் நல்லதுதான், சந்தேகமே வேண்டாம். என் கேள்வி வேறு. உருவத்தை நகலெடுத்தோம், சத்தத்தை நகலெடுத்தோம். எதை நகலெடுக்க முடியாமல் விட்டோம்?

எங்கள் ஊர் மானாம்பதி. அங்கே ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், வயது அறுபதைத் தாண்டிவிட்டது. என் பெரியப்பாவின் 1970களின் புல்லட்டை அவர்தான் பார்த்துவருகிறார். டேப்பெட் சரி செய்ய அவர் அளவுத் தகடு எடுக்க மாட்டார். எஞ்சின் ஆறியிருக்கும்போது பிஸ்டனை மேலே கொண்டுவந்து, புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றிப் பார்ப்பார். தடையில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணுவதற்கும் ஒரு முறை உண்டு. ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி, பிறகு ஒரே மிதி. இதெல்லாம் அவர் புத்தகத்தில் படித்ததில்லை. அவருக்கு அவர் குரு சொன்னது.

இங்கேதான் நான் சொல்லவந்த விஷயம் இருக்கிறது. ஒரே வடிவமைப்பு 50 வருஷம் மாறாமல் இருந்ததால், குருவிடம் கற்றது சிஷ்யனுக்கும் பயன்பட்டது, சிஷ்யனின் சிஷ்யனுக்கும் பயன்பட்டது. உதிரிபாகம் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொண்டார்கள். ஒரு கிராமத்துப் பட்டறை முழு இயந்திரத்தையும் புரிந்துவைத்திருந்தது. நாம் ஏங்குவது வண்டியின் முகத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறோம். 'நின்னுபோனா நாமே பார்த்துக்கலாம்' என்ற அந்தத் தைரியத்துக்காகவும்தான் ஏங்குகிறோம் என்பது என் எண்ணம். அது ஷோரூமில் கிடைக்காது.

என் தம்பி புது கிளாசிக் வாங்கி அண்ணனிடம் காட்டினான். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பாக்க அதேதான் கீது தம்பி. தொறந்தா எனக்கு ஒண்ணும் புரியல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் கத்துக்கிட்டத யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்தது.

மாணவத் தம்பிகளே, நம் பக்கத்துப் பிள்ளைகள் விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் போகிறார்கள். நானும் அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன். அங்கே ஒருவருக்கு ஒரு போல்ட், ஒரு டார்க் அளவு என்று வேலை பிரிந்திருக்கிறது. தரத்துக்கு அது தேவை. ஆனால் பத்து வருஷம் கழித்தும் முழு எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரியாமல் ஒருவர் வெளியே வரலாம். டிகிரி வாங்கிய நமக்கும் இது பொருந்தும்.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, நம் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் இருக்க வேண்டும், மாணவர்கள் கையால் பிரித்துப் பூட்ட. இரண்டு, சுற்று வட்டாரப் பழைய மெக்கானிக்குகளை வரவழைத்து, உரிய மரியாதையும் சம்பளமும் கொடுத்துப் பாடம் எடுக்கச் சொல்ல வேண்டும். மூன்று, அவர்கள் விரலால் பார்ப்பதை நம் மாணவர்கள் அளந்து, தமிழில் எழுதி வைக்க வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? கூடவே அந்த அண்ணன்களுக்குப் புது எஞ்சினின் சென்சாரும் ஸ்கேனரும் நம் பிள்ளைகள் சொல்லித்தரட்டும். கொடுக்கல் வாங்கல் சரியாகிவிடும்.

வெறும் வாயால் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெரியப்பாவின் புல்லட்டைச் சென்னையில் ஒரு ஹோட்டல்காரர் நல்ல விலைக்குக் கேட்டார், வாசலில் அலங்காரமாக நிறுத்த. பெரியப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டில் பேசி, அந்த வண்டியை இந்தக் கல்லூரிக்கே கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். பெரியப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கண்ணாடிப் பெட்டியில வைக்கக் கூடாது, ஓடணும்." மெக்கானிக் அண்ணனும் முதல் வகுப்புக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். தேதி குறிக்க வேண்டியது முதல்வர் அவர்களின் பொறுப்பு.