பவளப் பாறையில் யாருக்கு யார் உணவு?

செம்பனைத் தோட்டத்தில் எலி பழத்தைத் தின்கிறது. கூகை எலியைத் தின்கிறது. அதனால்தான் பல தோட்டங்களில் கம்பம் நட்டு, கூகை தங்குவதற்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆந்தை அலறினால் ஆகாது என்று அதை விரட்டினால் எலி பெருகும், பழம் பாழாகும். ஒன்றை ஒன்று உண்டு வாழும் இந்தத் தொடரை உணவுச் சங்கிலி என்கிறோம். கடலுக்கு அடியிலும் இதே கணக்குதான். இன்று பவளப் பாறையைப் பற்றிப் பார்ப்போம்.

திரெங்கானுவின் ரெடாங், பகாங்கின் தியோமான், கெடாவின் பாயார் ஆகிய தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. பெயர்தான் பாறை, அது வெறும் கல் அன்று. பவளப் பூச்சி என்னும் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழ்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு அது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். நம் வீட்டுக் கதவு உயரம் வளர 200 ஆண்டுகள் ஆகலாம்.

பவளப் பூச்சியின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. மரத்தின் இலையைப் போல, அது வெயிலைக் கொண்டு உணவு தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது! இரவில் பவளப் பூச்சி தன் சிறு கைகளை நீட்டி, நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களையும் பிடித்துத் தின்னும்.

பாறையின் மேல் படரும் வேறு பாசியைக் கிளிமீன் அலகு போன்ற வாயால் சுரண்டித் தின்கிறது. சிறு மீன்களைக் களவாய் தின்கிறது. சந்தையில் நாம் கெராப்பு என்று கேட்டு வாங்கும் மீன் அதுதான். களவாயைச் சுறா தின்கிறது. காமாட் எனப்படும் கடலட்டை, மணலில் கலந்த கழிவைத் தின்று துப்புரவு செய்கிறது.

ஒவ்வொரு படியிலும் சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மேலே போகும். 1,000 கிலோ பாசி 100 கிலோ சிறு மீனையும், அது 10 கிலோ களவாயையும், அது 1 கிலோ சுறாவையும் வளர்க்கும் என்பது பொதுக் கணக்கு. அடிப்படி சரிந்தால் மேற்படி எப்படி நிற்கும்?

கிளிமீனை அளவின்றிப் பிடித்தால் பாசி பாறையை மூடிவிடும். புதுப் பவளம் ஒட்ட இடமிராது. கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட 1 டிகிரி கூடிச் சில வாரங்கள் நீடித்தால், உள்ளே குடியிருக்கும் பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். வெளுத்தவுடன் அது செத்துவிடுவதில்லை. சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் மடியும். நம் கடலில் 1998, 2010, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்படி வெளுத்தது. 2010இல் தியோமான், ரெடாங் தீவுகளில் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கம் மூடியது.

"கடல் எங்கே, நாம் எங்கே?" என்று கேட்கலாம். நம் ஆறு கடலுக்குத்தான் போகிறது. மறுநடவின்போது மழையில் கரையும் மண், கடலைக் கலக்கி வெயிலை மறைக்கிறது. அடித்துச் செல்லப்படும் உரம், பாறையை மூடும் பாசியைக் கொழுக்க வைக்கிறது. ஆகவே உரச் சாக்குகளை ஆற்றில் அலசாதீர்கள். ஆற்றோரப் புல்லையும் செடியையும் வெட்டாமல் விடுங்கள்; அவை மண்ணைத் தடுத்து நிறுத்தும்.

பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்துச் சென்றால், பவளத்தை மிதிக்கவோ ஒடிக்கவோ விடாதீர்கள். நான் மேலே சொன்ன மூன்று தீவுகளிலும் கரையிலிருந்து 2 கடல் மைல் வரை கடல் பூங்கா. அங்கே மீன் பிடிப்பதும் பவளம் எடுப்பதும் குற்றம்.

இன்றிரவு சாப்பிடும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "கிளிமீன் இல்லாவிட்டால் களவாய்க்கு என்ன கவலை?" பதிலை அவர்களே படிப்படியாகச் சொல்லட்டும்.